இருட்டறையில் ஓர் ஏழுகல் தோடு

தியானப் பகுதி: 2 கொரிந்தியர் 1:3–7, 12:7–10



வாரந்தோறும் இந்தத் தியானத்தில் உங்களுக்குச் சொல்ல வேண்டியதையே எழுதிவருகிறேன். இவ்வாரம் எனக்கே சொல்லப்பட்ட ஒன்றை எழுதுகிறேன். அது வேத வகுப்பில் கிடைத்ததன்று. தியாகராய நகரில் ஒரு நகைக்கடையின் உள்ளறையில், விளக்கை அணைத்த பிறகு கிடைத்தது. இதில் வரும் இருவரும் தங்களைப்பற்றி எழுத எனக்கு அனுமதி தந்திருக்கிறார்கள். அவர்கள் இன்னார் என்று ஆராயாதிருக்கும்படி உங்களை அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

சில மாதங்களுக்கு முன், புதன்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, நம் சபையின் தாயார் ஒருவர் தயங்கி நின்றார். "ஐயா, நாளைக்குக் காலையில் என்னோடு ஓர் இடத்துக்கு வர முடியுமா?" என்றார். அவருடைய கைப்பையில் பழைய வெல்வெட் பெட்டி ஒன்று இருந்தது. அதில் ஒரு ஜோடி ஏழுகல் வைரத் தோடு. "என் மாமியார் போட்டது. ப்ளூ ஜாகர். இதை விற்க வேண்டும். தனியாகப் போகப் பயமாயிருக்கிறது, உறவிலே யாரையும் கூப்பிட முடியாது" என்றார். காரணத்தை அவர் சொல்லி முடிக்கச் சற்று நேரமாயிற்று. அவருடைய ஒரே மகன் குடிக்கு அடிமையாகி, வேலையையும் இழந்து, இப்போது சிகிச்சைக்குச் சம்மதித்திருக்கிறான். அதற்குப் பணம் கட்ட வேண்டும்.

மறுநாள் ஆழ்வார்பேட்டையிலிருந்து ஆட்டோவில் புறப்பட்டோம். எல்டாம்ஸ் சாலை வழியாகச் சென்று, அண்ணா சாலைச் சந்திப்பில் சிக்னலுக்காக நின்றபோது அந்தத் தாயார் சாலையைப் பார்த்தபடியே சொன்னார்: "நம் சபையிலே இப்படி ஒரு வீடு வேறு இருக்காது, ஐயா. எல்லாரும் நல்லபடியாக இருக்கிறார்கள். நான் யாரிடம் போய்ச் சொல்ல?"

நான் பதில் சொல்லவில்லை. அப்படி இன்னொரு வீடு நம் சபையில் இருந்ததை நான் அறிவேன். அந்த வீட்டாரின் வாயை அடைத்தவனும் நானே. அதைப் பின்னர் சொல்கிறேன்.

ப்ளூ ஜாகர் என்ற பெயரை மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டைப் பக்கத்து மூத்த தாய்மார்கள் நன்கு அறிவார்கள். தென்னாப்பிரிக்காவில் யாகர்ஸ்ஃபொன்டெய்ன் என்ற ஊரில் 1870-ஆம் ஆண்டு வைரம் கண்டெடுக்கப்பட்டது. 1893-இல் 995 காரட் எடையுள்ள எக்செல்சியர் என்னும் பெருவைரம் அங்கேதான் கிடைத்தது. 1971-இல் அந்தச் சுரங்கம் மூடப்பட்டது. அவ்வூர்க் கற்களில் பல, பகல் வெளிச்சத்தில் மெல்லிய நீலச் சாயலோடு தோன்றும். அதனால் அந்தச் சாயலுள்ள வைரங்களுக்கு, எங்கிருந்து வந்தவையானாலும், ஜாகர் என்ற பெயர் வழங்கலாயிற்று. நம் ஊரில் கல்யாணத்துக்குத் தோடோ மூக்குத்தியோ எடுத்த பெரியவர்கள், கல்லைக் கடைக்குள் பார்த்ததோடு நிறுத்தமாட்டார்கள்; வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பார்ப்பார்கள். நீலம் ஓடினால்தான் வாங்குவார்கள்.

நாங்கள் சென்ற கடை உஸ்மான் சாலையின் பெருங்கடைகளில் ஒன்றன்று. பக்கத்துத் தெருவில் இருக்கும் சிறிய, பழைய கடை. உரிமையாளர் எழுபது வயதைக் கடந்தவர். என் வெள்ளை அங்கியைப் பார்த்து, "வாங்க ஃபாதர்" என்று வரவேற்றார். தோடுகளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தார். வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலிலும் பார்த்தார். பின்பு எங்களை உள்ளறைக்கு அழைத்துச் சென்று, கதவைச் சாத்தி, விளக்கை அணைத்தார். கள்ளநோட்டைச் சோதிக்க வங்கிகளில் வைத்திருப்பார்களே, அது போன்ற ஒரு புற ஊதா விளக்கை எடுத்துத் தோடுகளின்மேல் பிடித்தார்.

தாயார் மெல்லக் கூவிவிட்டார். பதினான்கு கற்களில் பன்னிரண்டு, இருட்டில் நீலச் சுடர்களைப்போல எரிந்தன. சில பளிச்சென்று, சில மங்கலாக. இரண்டு கற்கள் மட்டும் இருந்த இடமே தெரியவில்லை. "அந்த ரெண்டும் அப்புறமா மாத்தினதுதானே அம்மா?" என்று கேட்டார் கடைக்காரர். தாயார் யோசித்து, ஆம் என்றார். மாமியார் காலத்திலேயே இரு கற்கள் விழுந்து, வேறு கல் வாங்கிப் பதித்தார்களாம்.

ஒரு போதகனின் பலவீனத்தை உங்களிடம் மறைப்பானேன்? அந்த நொடியிலேயே என் மனம் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை எழுதத் தொடங்கிவிட்டது. தூய்மையான கற்கள் ஒளிர்கின்றன, மற்றவை இருளில் மறைந்துபோகின்றன என்று தலைப்பும் அமைத்துவிட்டேன். உறுதி செய்துகொள்வதற்காக, "அப்படியானால் ஒளிர்கிற கற்கள்தாம் சுத்தமானவையா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "நேர்மாறு, ஃபாதர். சுத்தமான கல்லுல இந்த நீலம் வராது. உள்ளே வேற ஏதோ கலந்திருந்தாத்தான் இது வரும்."

என் பிரசங்கம் அங்கேயே கலைந்தது. வீடு திரும்பிய பிறகு பல நாட்கள் இதைப்பற்றி வாசித்தேன். நான் அறிந்துகொண்டதை எளிமையாகச் சொல்ல முயல்கிறேன்.

வைரம் என்பது கரி அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட ஒரு படிகம். பூமிக்குள் நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் கீழே அது உருவாகும்போது, அந்த அடுக்கில் கரி இருக்க வேண்டிய இடத்தில் சில நைட்ரஜன் அணுக்கள் நுழைந்துவிடுகின்றன. அவை அந்நியமானவை. பல கோடி ஆண்டுகள் அந்த ஆழத்தின் வெப்பத்தில் கிடக்கையில், அவை மெல்ல இடம்பெயர்ந்து ஒன்றையொன்று சேர்கின்றன. சில இடங்களில் மூன்று நைட்ரஜன் அணுக்கள், ஓர் அணு இல்லாமற்போன வெற்றிடத்தைச் சூழ்ந்து நிற்கின்றன. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியாகத் திருப்பித் தருவது அந்த இடந்தான். (மூன்று என்றவுடன் திரித்துவத்தைத் தேடிப் புறப்படாதீர்கள், எனக்கும் அந்தச் சோதனை வந்தது, தப்பித்தேன்.) ஒரு குறையும், ஒரு வெற்றிடமும் சேர்ந்த இடத்திலிருந்து அந்த வெளிச்சம் வருகிறது.

இதில் இன்னொரு விந்தையும் உண்டு. வைரத்துக்கு விலை குறைக்கும் மஞ்சள் சாயலைத் தருவதில் அதே நைட்ரஜன் கூட்டத்துக்கும் பங்குண்டு. சூரிய ஒளியில் புற ஊதாக் கதிர் இருப்பதால், வெயிலுக்கு வரும்போது அதிலிருந்தே நீலம் எழுந்து, அந்த மஞ்சளை மறைத்துவிடுகிறது. கறைக்குக் காரணமானதும் கறையை மூடுவதும் ஒன்றே. இக்காலக் கடைகளின் எல்.இ.டி. விளக்குகளில் புற ஊதாக் கதிர் மிகக் குறைவு. அங்கே அந்த நீலம் எழுவதில்லை. நம் பாட்டிமார்கள் தோட்டை வாசலுக்குக் கொண்டுவந்து பார்த்ததில் எத்தனை ஞானம் இருந்தது!

ஒரு கல் இப்படி ஒளிர்வதற்கு ஃப்ளோரசன்ஸ் என்று 1852-இல் பெயரிட்டவர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். அயர்லாந்தில் ஒரு குருவானவரின் இல்லத்தில் பிறந்து, கேம்பிரிட்ஜில் பேராசிரியராயிருந்து, இறுதிவரை விசுவாசத்தில் நிலைத்திருந்தவர். ஃப்ளோர்ஸ்பார் என்ற கனிமம் இவ்வாறு ஒளிர்வதைக் கண்டு அதன் பெயரிலிருந்தே இச்சொல்லை ஆக்கினார். இப்படிப்பட்ட பொருள், தான் வாங்கிய ஒளியைவிட ஆற்றல் குறைந்த ஒளியையே திருப்பித் தருகிறது என்பதையும் அவரே எடுத்துரைத்தார். பெற்றதற்கு நிகராகத் திருப்பித் தர எந்தக் கல்லாலும் இயலாது. கிருபையைப் பெற்ற நம்மாலும் இயலாது.

நம் மெரினாக் கடற்கரை எதிரே உள்ள மாநிலக் கல்லூரியில் பயின்ற சர் சி.வி. இராமன், 1940-களில் பெங்களூரில் வைரங்களின் ஒளிர்வை ஆழ்ந்து ஆராய்ந்தார். நீல ஒளி வைரத்தின் இயல்பான அமைப்பிலிருந்தே வருகிறது, கலப்பினால் அன்று என்று அவர் கருதினார். 1959-இல் கைசர், பாண்ட் என்னும் இரு ஆய்வாளர்கள், பெரும்பாலான வைரங்களில் நைட்ரஜன் குறிப்பிடத்தக்க அளவு கலந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகே உண்மை தெளிவாயிற்று. அத்தகைய மேதைக்கும் ஒளியைத் தூய்மையின் அடையாளமாகக் காணத் தோன்றியிருக்கிறது என்றால், ஒரு போதகன் தவறியதில் வியப்பில்லை.

கடைக்குத் திரும்புவோம். விலை பேசும்போது கடைக்காரர் வருத்தத்தோடு ஒன்று சொன்னார். அவருடைய தகப்பனார் காலத்தில் நீலம் ஓடும் கல்லுக்கு அதிக விலை கொடுத்து வாங்கினார்கள். இப்போது சான்றிதழில் ஒளிர்வு பலமானது என்று எழுதியிருந்தால், நிறம் உயர்ந்த கற்களுக்கு விலையைக் குறைக்கிறார்கள். மிகப் பலமாக ஒளிரும் சில கற்கள் பால் கலந்தாற்போல் மங்கித் தெரியும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். 1997-இல் அமெரிக்க இரத்தினவியல் நிறுவனத்தார் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில், ஒளிரும் கல்லையும் ஒளிராத கல்லையும் சாதாரணப் பார்வையாளர்களால் சீராகப் பிரித்தறிய இயலவில்லை. ஆயினும் சந்தை தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அந்தத் தாயாரின் தோட்டில், பின்னர் பதித்த இரு இருண்ட கற்களுக்கே இன்று மதிப்பு அதிகமாம். கேட்ட தொகை கிடைக்கவில்லை. கிடைத்தது முதல் தவணைக்குப் போதுமானதாயிருந்தது.

பிரியமானவர்களே, இப்போது என் அறிக்கைக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் சபைச் சகோதரர் ஒருவர் என்னிடம் வந்து, ஆண்டிறுதி ஆராதனையில் சாட்சி சொல்ல விரும்புவதாகக் கூறினார். அவர் பல ஆண்டுகள் குடியில் அழிந்து, மனைவியின் கண்ணீராலும் ஆண்டவரின் இரக்கத்தாலும் மீண்டவர். நம்மில் எவருக்கும் அது தெரியாது. வேறு ஊரிலிருந்து இங்கே குடியேறியவர். நான் அவரைத் தடுத்தேன். "கர்த்தர் கழுவிவிட்டதை நீங்கள் ஏன் மறுபடியும் கிளற வேண்டும்? மகளுக்கு வரன் பார்க்கிறீர்களே" என்றேன். அந்த அக்கறை பொய்யன்று. ஆனால் அதன் அடியில் வேறொன்று இருந்தது. ஆழ்வார்பேட்டையில் நம் சபைக்கு ஒரு நற்பெயர் உண்டு. படித்தவர்கள், கண்ணியமானவர்கள் கூடும் இடம் என்று சொல்லப்படுகிறோம். அந்தப் பெயரில் ஒரு கலப்பு தெரியக்கூடாது என்று நான் விரும்பினேன். அவர் சற்று நேரம் பேசாமலிருந்து, "சரி, ஐயா" என்று எழுந்து போனார். அதன் பிறகு அதைப்பற்றிப் பேசவே இல்லை.

"இப்படி ஒரு வீடு வேறு இருக்காது" என்று அந்தத் தாயார் ஆட்டோவில் சொன்னபோது என் நாவு ஒட்டிக்கொண்ட காரணம் இதுதான். ஞாயிறுதோறும் அவர் அமரும் பெஞ்சுக்கு மூன்று வரிசை பின்னால் அந்தச் சகோதரர் அமர்கிறார். ஒருவர் ஆறுதலின்றித் தவிக்க, இன்னொருவர் ஆறுதலைச் சுமந்துகொண்டு மௌனமாயிருக்க, நடுவே நான் நின்றேன்.

பவுல் அப்போஸ்தலன் தன் சரீரத்தில் இருந்த முள்ளைக் குறித்துக் கொரிந்தியருக்கு எழுதுகிறார். அது நீங்கும்படி மூன்றுமுறை மன்றாடினார். முள் நீங்கவில்லை, அதன்மேல் கிருபை தங்கியது. வல்லமை வெளிப்படும் இடம் அந்தப் பலவீனமே என்று ஆண்டவர் அவருக்கு உணர்த்தினார். அதே நிருபத்தின் தொடக்கத்தில் அவர் சொல்வதைக் கவனியுங்கள். உபத்திரவத்தில் தேவன் நமக்குத் தந்த ஆறுதல் நம்மோடு முடிந்துவிடுவதில்லை; அதே ஆறுதலை உபத்திரவப்படும் மற்றவர்களுக்குக் கொடுக்கும்படியே அது நமக்கு வந்தது. உயிர்த்தெழுந்த ஆண்டவரும் தழும்பில்லாத கைகளோடு சீஷர்முன் நிற்கவில்லை. மகிமையடைந்த அந்தச் சரீரத்தில் ஆணிகளின் அடையாளம் இருந்தது. தோமா அவரை அறிந்துகொண்டது அதைக் கண்டே.

இதை நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ளாதிருக்க ஒன்று சொல்ல வேண்டும். கிருபை பெருகும்படி பாவத்தில் நிலைத்திருக்கலாமோ என்ற கேள்வியைப் பவுலே எழுப்பி, கூடவே கூடாது என்று மறுத்திருக்கிறார். கலப்பு எல்லாம் ஒளி தருவதில்லை. அதையும் அந்தக் கடையிலேயே கண்டேன். கடைக்காரர் அதே விளக்கின் கீழ் இரண்டு கெம்புக் கற்களை வைத்தார். வெளிச்சத்தில் இரண்டும் ஒரே சிவப்பு. இருட்டில் ஒன்று தணல்போல் கனன்றது. மற்றது கருத்துக் கிடந்தது. கெம்புக்கு நிறத்தையும் ஒளிர்வையும் தருவது அதில் சிறிதளவு கலந்திருக்கும் குரோமியம். குரோமியம் இல்லாவிட்டால் அது நிறமற்ற கல். ஆனால் இரும்பு மிகுதியாகக் கலந்துவிட்டால், குரோமியம் இருந்தும் அந்த ஒளிர்வை அது அவித்துவிடும். குரோமியமும் அந்நியமே, இரும்பும் அந்நியமே. ஒன்று கனன்றெழச் செய்கிறது, மற்றொன்று அணைத்துவிடுகிறது.

அந்தச் சகோதரரின் குடி ஒருநாளும் ஒளியாயிருக்கவில்லை. அது அவர் வீட்டை இருட்டாக்கியது. ஒளியாக மாறியது, மன்னிக்கப்பட்ட பிறகு அவருக்குள் தங்கிய அந்த வடு, அந்த நினைவு, அந்த இரக்கம். அதை அவித்த இரும்பு எது என்று கேட்டால், சபையின் கௌரவத்தைப்பற்றிய என் பயம் என்றே சொல்வேன். உங்கள் வீட்டில், உங்கள் உள்ளத்தில் அந்த இரும்பு எது என்பதை நீங்கள் ஆண்டவருடைய சமுகத்தில் ஆராய்ந்து பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. நம் துயரங்களை எல்லாம் எல்லார் முன்னும் பரப்பி வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கடைக்காரர் அந்த விளக்கைக் கண்ணாடிப் பெட்டியின்மேல் ஏற்றவில்லை. கதவைச் சாத்தி, இருட்டறையில்தான் ஏற்றினார். பகலில் நடமாடுகிறவர்களுக்கு உங்கள் சாட்சி ஒரு செய்தியாகப் போய்விடலாம். இருட்டில் உட்கார்ந்திருக்கிறவருக்கோ அது வெளிச்சமாகும். யாரிடம், எப்போது சொல்வது என்பதை ஆவியானவர் உங்களுக்குக் காட்டுவார். ஆனால் அவர் காட்டும்போது உங்களைத் தடுக்கும் போதகனாக நான் இனி இருக்கமாட்டேன்.

தி. நகரிலிருந்து திரும்பிய அன்று மாலையே அந்தச் சகோதரரின் வீட்டுக்குச் சென்றேன். மன்னிப்புக் கேட்டேன். அவர், "பரவாயில்லை, ஐயா" என்று சொல்லிவிட்டு, உடனே, "அந்தப் பையன் இப்போது எப்படியிருக்கிறான்?" என்றுதான் கேட்டார். அந்தத் தாயாரின் சம்மதத்தைப் பெற்ற பிறகு, மறு சனிக்கிழமை அவர் அவர்கள் வீட்டுக்குப் போனார். வாசலில் அவரைக் கண்ட தாயார், "நீங்களா?" என்று மட்டும் கேட்டு, நெடுநேரம் அழுதாராம். அதுமுதல் சனிக்கிழமைதோறும் போகிறார். பிரசங்கம் செய்வதில்லை, உடன் அமர்ந்து காபி குடித்துவிட்டு வருகிறார். அந்த மகன் முற்றிலும் விடுதலையாகிவிட்டான் என்று எழுத எனக்கு ஆசை. ஆனால் அவன் நடுவில் ஒருமுறை விழுந்தான். அன்றிரவு அவன் முதலில் தொலைபேசியில் அழைத்தது அந்தச் சகோதரரைத்தான். இப்போது மறுபடியும் எழுந்து நடக்கிறான். அவனுக்காக ஜெபியுங்கள்.

யாத்திராகமம் 28-ஆம் அதிகாரத்தில் ஆரோனின் மார்ப்பதக்கத்தைப்பற்றி வாசிக்கிறோம். பன்னிரண்டு கற்கள், பன்னிரண்டு கோத்திரங்களின் பெயர்கள். இரண்டாம் வரிசையில், நம் தமிழ் வேதாகமத்தின்படி, வச்சிரமும் உண்டு. அந்தக் கோத்திரங்கள் ஒன்றும் மாசற்றவையல்ல. சகோதரனை விற்றவர்களின் பெயர்களும் அங்கே வெட்டப்பட்டிருந்தன. ஆசாரியன் அவற்றைத் தன் இருதயத்தின்மேல் சுமந்தே பரிசுத்த ஸ்தலத்துக்குள் சென்றான். நம்முடைய பிரதான ஆசாரியரும் நம் பெயர்களை அப்படியே சுமக்கிறார். சந்தை குறைத்து மதிப்பிடும் கற்களும் அவருடைய மார்பில் இருக்கின்றன.

நீங்கள் மீண்டு வந்த இருள் ஒன்று உண்டானால், அதே இருளில் இன்று இருக்கும் ஒருவருக்கு அது தேவைப்படலாம். வெளியே தெரிய வேண்டாம். என்னிடம் வந்து சொல்லுங்கள். சனிக்கிழமை மாலைகளில் நம் ஆலய வளாகத்தின் சிறிய அறை திறந்திருக்கும்.

ஜெபிப்போம்:

இரக்கமுள்ள பிதாவே, எங்கள் குறைகளை நீர் அறிந்திருக்கிறீர். நாங்கள் மறைத்து வைத்ததின்மேல் உமது ஒளி விழட்டும். பிறருடைய வெளிச்சத்தை நாங்கள் அணைத்த வேளைகளை எங்களுக்கு மன்னியும். இருட்டில் தனித்திருக்கிற தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும், நீர் மீட்டெடுத்த எங்களை அனுப்பும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம், பிதாவே. ஆமென்.